உங்க ஃபார்ம் 16-ஐக் காப்பாத்துற 300 இலக்க ரகசியம்

ஆபீஸ்ல இருந்து டிஜிட்டல் கையெழுத்தோட ஃபார்ம் 16 வரும். திறந்தா சிலருக்குப் பச்சை டிக், சிலருக்கு மஞ்சள் கேள்விக்குறி. "சார், இது ஒரிஜினல்தானா?"ன்னு கேட்கிறீங்க. பதில் பகா எண்களில் இருக்கு.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாம வகுபடுற எண்தான் பகா எண்: 7, 13, 101 மாதிரி. டிஜிட்டல் கையெழுத்துல பரவலா இருக்கிற ஆர்எஸ்ஏ முறையில, சுமார் 300 இலக்கம் கொண்ட ரெண்டு பகா எண்களைப் பெருக்கி 617 இலக்க எண் ஒண்ணை உருவாக்குவாங்க. ரகசியமான அந்த ரெண்டை வச்சு கம்பெனி கையெழுத்து போடும். வெளிப்படையான பெரிய எண்ணை வச்சு உங்க கம்ப்யூட்டர் சரிபார்க்கும்.

பெரிய எண்ணைப் பிரிச்சு ரகசியத்தை எடுத்துட முடியாதா? வத்தல்மலையில விளையற காபிக்கொட்டையை அரைச்சு சிக்கரி கலக்கிறது ஒரு நிமிஷ வேலை. கலந்த பொடியைத் திரும்பப் பிரிச்சுப் பாருங்க! 2020-ல ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட 250 இலக்க எண் ஒண்ணைப் பிரிச்சாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டர் கோர் மட்டும் வேலை செஞ்சிருந்தா சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும். நம்மளோடது 617 இலக்கம்.

அப்போ 300 இலக்க எண் பகா எண்தான்னு எப்படித் தெரியும்? ஆச்சரியம் இங்கதான். காரணிகளைத் தேடாமலேயே அதைச் சொல்லிடலாம். எந்த எண்ணுக்கும் இதை உறுதியா, நியாயமான நேரத்துல சொல்ல முடியும்னு 2002-ல நிரூபிச்சவங்க கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. 2006-ல கோடல் பரிசும் வாங்கினாங்க. நடைமுறையில மென்பொருள்கள் இன்னும் வேகமான சோதனைகளைப் பயன்படுத்துது.

எண் பெருசா இருந்தா மட்டும் போதாது. 2024 அக்டோபர்ல அறிவிச்ச பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். ஆனா அது ஊருக்கே தெரிஞ்ச எண், பூட்டுக்கு உதவாது. ரகசியம்தான் பலம்.

இப்போ உங்க கேள்விக்கு வருவோம். மஞ்சள் கேள்விக்குறின்னா போலின்னு அர்த்தமில்ல. கையெழுத்து போட்டவரை உங்க பிடிஎஃப் ரீடரால இன்னும் உறுதிப்படுத்த முடியலைன்னு அர்த்தம். கையெழுத்து மேல கிளிக் பண்ணி, யார் பெயர் இருக்கு, அதுக்கப்புறம் ஆவணம் மாறியிருக்கான்னு பாருங்க. சம்பளத்துல ஒரு சைபர் சேர்த்தாக்கூட காட்டிக் கொடுத்துடும். பிரிண்ட் காப்பிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நண்பரோட ஸ்டார்ட்அப்ல இயக்குநரா சேர்ந்து, உங்க பேர்ல டிஎஸ்சி டோக்கன் வாங்கியிருக்கீங்களா? அதுல போடுற கையெழுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-படி உங்க கையெழுத்துதான். டோக்கனையும் பாஸ்வேர்டையும் யார்கிட்டயும் விட்டுட்டுப் போகாதீங்க, உங்க ஆடிட்டர்கிட்டகூட. 617 இலக்கத்தை உடைக்க முடியாதவன், மேஜை டிராயரைத்தான் முதல்ல திறந்து பார்ப்பான்.