சைலன்சர் சத்தத்துக்கு மட்டும் இல்லை!
பழைய வேனுக்குப் புகைக்குழாய் மாற்றுவது பற்றி ஒரு விளக்கம்



‘சைலன்சர் எதுக்கு இருக்கு?’ என்று யாரைக் கேட்டாலும், ‘சத்தம் வராம இருக்கத்தான்’ என்று சொல்வார்கள். இது பாதி பதில்தான். மீதிப் பாதி உயிர் சம்பந்தப்பட்டது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

வண்டியே வீடு

வெளிநாடுகளில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ‘மோட்டார் ஹோம்’ என்று ஒரு வண்டி செய்கிறார்கள். நம்மூரில் சினிமாக்காரர்களிடம் ‘கேரவன்’ இருக்கிறது. ‘நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நினைக்காதீர்கள். வேளாங்கண்ணி, திருப்பதி, சபரிமலை என்று பாத்திரம் பண்டத்தோடு கிளம்புகிற டூர் வேனில் குழந்தைகள் சீட்டிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். நம்ம எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்குக் கேபின்தான் படுக்கை அறை. மனுஷன் தூங்குகிற வண்டி எதுவானாலும் அது வீடுதான். அந்த வீட்டுக்குப் புகைபோக்கிதான் சைலன்சர் லைன்.

வண்டிக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1948-இல் ‘அசோக் மோட்டார்ஸ்’ என்று தொடங்கிய கம்பெனிதான் 1955-இல் ‘அசோக் லேலண்ட்’ ஆனது. அதன் எண்ணூர் தொழிற்சாலை நமக்கு எல்லோருக்கும் தெரியும். அதனால் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

புகை போகிற வழி

என்ஜினுக்குள் டீசலோ பெட்ரோலோ எரிகிறது. எரிந்த புகை பல நூறு டிகிரி சூட்டோடு, அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. 4 சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், புகை நிமிடத்துக்கு 6000 தடவை வெடித்து வெளியே வரும். அதாவது வினாடிக்கு 100 தடவை! அத்தனை வெடியும் சேர்ந்ததுதான் அந்தக் காது கிழியும் சத்தம்.

இந்தப் புகை முதலில் என்ஜினை ஒட்டி இருக்கும் மேனிஃபோல்டில் சேர்கிறது. அங்கிருந்து முன் பைப், பிறகு சைலன்சர் டப்பா, கடைசியில் வால் பைப். டப்பாவுக்குள் அறை அறையாகத் தடுப்பும், ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கும. சத்தத்தின் அலைகள் அங்கே முட்டி மோதி ஒன்றை ஒன்று அடக்கிவிடும். புகை மட்டும் வால் பைப் வழியாக, ஆள் உட்காரும் இடத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடும். இந்தக் கடைசி வேலைதான் நான் சொன்ன மீதிப் பாதி.

நம்ம ஊரில் ஏன் சீக்கிரம் ஓட்டை விழுகிறது?

இரண்டு பக்கமும் அடி வாங்குவதால்தான்.

வெளிப் பக்கம்: உப்புக் காற்று. நெட்டுக்குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம். ஜன்னல் கம்பியே பொடிப்பொடியாக உதிர்வதை நாம் தினமும் பார்க்கிறோம். வண்டியின் அடியில் இருக்கும் சாதா இரும்புக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?

உள் பக்கம்: தண்ணீர். ஆச்சரியமாக இருக்கிறதா? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் சூடாகி ஆவி வெளியே போய்விடும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்து நிறுத்துகிற வண்டியில் அது குளிர்ந்து சைலன்சருக்குள்ளேயே தேங்கும். அதனால்தான் நிறுத்தியே வைத்திருக்கும் பழைய வேனில் சைலன்சர் சீக்கிரம் போகிறது. சில டப்பாக்களின் அடியில் ஊசித் துளை போல ஒன்று இருக்கும். அது தண்ணீர் வடியக் கம்பெனிக்காரர்களே வைத்தது. ‘ஓட்டை’ என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

சத்தம் கூடும். அது சின்னப் பிரச்சினை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், வாந்தி, மயக்கம். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது.

பெட்ரோல் வண்டியில் இந்த வாயு அதிகம். டீசலில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்துவிட்டது.

2024 டிசம்பர் 23 அன்று கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கொலையா, விபத்தா என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களும் சேர்ந்து அதே வண்டியில் சோதனை செய்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது தெரிந்தது. அங்கே குற்றவாளி ஜெனரேட்டர். பழைய வேனில் அதே வேலையை ஓட்டை சைலன்சர் செய்யும். இரண்டுக்கும் பொதுவான விஷயம் தரையில் இருக்கும் ஓட்டை. இதை மறக்காதீர்கள்.

மாற்றும் முறை

பழைய மெட்டடோர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு 20 போன்ற வேன்களில் என்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வண்டியின் முழு நீளத்துக்கும் குழாய் தரைக்கு அடியில் ஓடும். அதனால் கவனம் அதிகம் வேண்டும். வேலையைத் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். நாம் தெரிந்துகொள்வது, அவர் செய்வது சரியா என்று பார்க்கத்தான்.

1. ஆற விட வேண்டும். ஓடி வந்த வண்டியின் குழாயைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரமாவது ஆறட்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. கனமான கட்டையோ ஸ்டாண்டோ கட்டாயம்.

2. ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். திறந்த வெளியில் என்ஜினை ஸ்டார்ட் செய்து ‘புஸ் புஸ்’ சத்தம் எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். இணைப்புகளில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம். ஆறின குழாயை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கலாம். ‘டங்’ என்றால் நல்ல இரும்பு. ‘பொத்’ என்றால் உள்ளே துரு.

3. முந்தின நாளே எண்ணெய் ஊற வைக்க வேண்டும். துருப்பிடித்த நட்டை அவசரப்பட்டு முறுக்கினால் மேனிஃபோல்டு போல்ட் உள்ளேயே உடைந்துவிடும். அப்புறம் டிரில் போட்டு எடுக்கணும், ஒரு நாள் வேலை மூணு நாள் ஆகும். ‘நட்டு கிட்ட கோவப்படாதே’ என்று ஷெட்டில் சொல்வது இதற்குத்தான்.

4. பின்னாலிருந்து முன்னால் கழற்ற வேண்டும். வராத இடத்தை ஆக்சா பிளேடால் அறுக்கலாம். கழற்றின துண்டுகளைத் தூக்கிப் போடாமல், இருந்த வரிசையிலேயே தரையில் வைக்க வேண்டும். பழைய வண்டிக்குப் புதுக் குழாய் கடையில் தொங்காது. புதுப்பேட்டையில் தேட வேண்டும், அல்லது பழைய துண்டையே மாதிரியாகக் காட்டி வளைத்து வாங்க வேண்டும்.

5. அதே அளவுக் குழாய் போட வேண்டும். குறுகலாகப் போட்டால் புகை வெளியேறத் திணறும். என்ஜின் சூடாகும், இழுவை குறையும். நம்ம கடற்கரைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது, விலைதான் கூடுதல். காந்தம் ஒட்டினால் ‘இது ஸ்டெயின்லெஸ் இல்ல’ என்று முடிவு கட்டாதீர்கள். சைலன்சருக்கு என்றே செய்யும் சில வகை ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டும்.

6. முன்னாலிருந்து பின்னால் மாட்ட வேண்டும். இணைப்புக்கு எல்லாம் புதுப் பேக்கிங். பழையதைத் திருப்பிப் போட்டால் திரும்பவும் கசியும். முதலில் எல்லா கிளாம்பையும் லூசாக மாட்டி, குழாய் எங்கேயும் இடிக்காமல் நேராக்கி, கடைசியில் டைட் செய்ய வேண்டும். தொங்கவிடும் இடத்தில் ரப்பர் கட்டாயம். என்ஜின் ஆடும்போது குழாயும் கூட ஆட வேண்டும். ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று சேசிஸோடு வெல்டிங் வைத்தால் ஆடி ஆடி விரிசல் விடும்.

7. வால் பைப்பைக் குட்டையாக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம்! நுனி மட்கிப் போனால், அதை வெட்டிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது புகை வேனின் அடியிலேயே தேங்கும். பெட்டி மாதிரி இருக்கும் வேன் ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறையும். பின் கதவோ ஜன்னலோ திறந்திருந்தால் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயின் நுனி பாடியைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும்.

8. தரையைப் பார்க்க வேண்டும். குழாய் கழன்றிருக்கும்போதுதான் தரையின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். துருப்பிடித்த ஓட்டைக்குத் தகடு வைத்து அடைக்க வேண்டும். ஒயர் போகும் துளைக்கு ரப்பர் போட வேண்டும். சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

முடிந்ததும் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க வேண்டும். முதல் தடவை கொஞ்சம் எண்ணெய்ப் புகை வரும், பயப்பட வேண்டாம். சில நாள் ஓடிய பிறகு போல்ட்டை இன்னொரு தடவை டைட் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 படி ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம். பெட்ரோல், டீசல் போகும் குழாய்க்கு 35 மில்லிமீட்டர் தூரத்துக்குள் புகைக்குழாய் வரக் கூடாது. வந்தால் தீப்பிடிக்கும். புகை பொதுவாகக் கீழ்நோக்கியோ, இடது பக்கமாகவோ வரக் கூடாது. ஏன் இடது பக்கம் கூடாது? அந்தப் பக்கம்தான் நாம் நடந்து போகிறோம், பஸ்ஸுக்கு நிற்கிறோம்! அப்போ, சைலன்சரைக் கழற்றிவிட்டு ‘டப டப’ என்று பைக் ஓட்டும் அண்ணன்மார்கள் செய்வது விதியை மீறும் செயல் என்பதும் தெரிகிறது அல்லவா?

வீட்டில் சொல்லுங்கள்

நம்மில் பலருடைய அப்பா, மாமா, சித்தப்பா லாரியும் வேனும் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் இந்த நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்.

• கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்க வேண்டாம்.
• கொசு, குளிர் என்று வண்டிக்குள் கரி அடுப்பு மூட்ட வேண்டாம். அதிலும் இதே வாயுதான் வரும்.
• வண்டியில் போகும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், ‘வெயில்’ என்று விட்டுவிடாமல் உடனே நிறுத்தி இறங்க வேண்டும். மயங்கியவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டு வந்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.
• டூர் கிளம்பும் முன் டயர், பிரேக் பார்ப்பது போல சைலன்சரையும் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.

சத்தத்தை நம் காதே கண்டுபிடித்துவிடும். இந்த வாயுவைக் கண்டுபிடிக்க நம் மூக்கால் முடியாது. அதனால் சத்தம் கூடினாலே புகையும் எங்கேயோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வண்டியை ஷெட்டுக்கு விடச் சொல்லுங்கள்.