என்ன நடந்தது என்று ஏன் சொல்லவில்லை?

2020 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான ‘லீவ் த வேர்ல்ட் பிஹைண்ட்’ நாவலைப் படித்து முடித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். எழுதியவர் ருமான் ஆலம். அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலுக்கு நாவல் வந்தது. மறு ஆண்டு கோடையில் பராக் ஒபாமா தன் வாசிப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தார். விமர்சகர்கள் கொண்டாடிய அதே புத்தகம் தங்களை ஏமாற்றிவிட்டதாக ஏராளமான வாசகர்கள் பொருமினார்கள். கூட்டிக்கழித்துப் பார்த்தால் அவர்களுடைய குறை ஒன்றுதான்: ஊர் உலகமே நிலைகுலைகிற கதையைச் சொல்லிவிட்டு, அது எதனால் என்பதைக் கடைசிப் பக்கம்வரை ஆசிரியர் சொல்லவே இல்லை. இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டதால்தான், பேரழிவை அடுத்து வரும் நாட்களைப் பற்றி இந்த நாவலால் உண்மை பேச முடிந்தது என்று நினைக்கிறேன். அதை விளக்க முடிவுவரை கதையைச் சொல்லியாக வேண்டும். இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புரூக்ளினில் வசிக்கும் அமண்டா, கிளே என்ற வெள்ளையினத் தம்பதி, பிள்ளைகள் ஆர்ச்சியையும் ரோஸையும் அழைத்துக்கொண்டு லாங் ஐலண்டில் ஒதுக்குப்புறமான ஒரு சொகுசு வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். இரவில் கதவு தட்டப்படுகிறது. வாசலில் வயதான கறுப்பினத் தம்பதி: ஜி. எச். வாஷிங்டன், அவர் மனைவி ரூத். வீடு தங்களுடையது, நியூயார்க்கில் மின்சாரம் போய்விட்டது, இங்கே தங்க அனுமதிக்க வேண்டும் என்று சொந்த வீட்டு வாசலில் நின்று கேட்கிறார்கள். பூட்டிய இழுப்பறையைத் திறந்து ஆயிரம் டாலர் ரொக்கத்தை எடுத்து நீட்டுகிறார் ஜி. எச். அவர் கையில் சாவி இருக்கிறது, பணம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. அப்படியும், இவ்வளவு பெரிய வீடு இவர்களுடையதாக இருக்குமா என்ற சந்தேகம் அமண்டாவை விடுவதில்லை. போன், தொலைக்காட்சி, இணையம் எதுவும் இயங்கவில்லை. பிறகு வானத்தைப் பிளப்பதுபோல ஓர் ஓசை. மான்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றன, நீச்சல் குளத்தில் பூநாரைகள் இறங்குகின்றன, ஆர்ச்சியின் பற்கள் உதிர்கின்றன. யார் தாக்கினார்கள், தாக்குதல்தானா என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆசிரியர் எதையுமே சொல்லவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும். அமண்டா சமையலறையில் நிற்கும்போதே, எங்கோ தொலைவில் லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்களின் கதியை ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுபடி சமையலறைக்கு வந்துவிடுவார். இப்படிப்பட்ட வரிகள் புத்தகம் நெடுகக் கிடக்கின்றன. இவை வாசகரைப் பாத்திரங்களைவிட ஒரு படி மேலே நிறுத்துகின்றன: அவர்கள் நினைப்பதைவிட நிலைமை மோசம் என்பது நமக்குத் தெரியும். எவ்வளவு பெரியது என்று அறிந்தும் எதனால் என்று அறியாத நிலைக்குத் திட்டமிட்டே நம்மைக் கொண்டுவந்து விடுகிறார் ஆலம். கோபப்பட்ட வாசகர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். எனக்கு அது கடும் உழைப்பாகப் படுகிறது. மறைக்க வேண்டியதை மட்டும் மறைப்பதற்கு, சொல்ல வேண்டியதை அளந்து சொல்ல வேண்டும்.

உண்மையான பேரிடர்களில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் மிகக் குறைவாகத் தெரிகிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று மாலை அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. செப்டம்பர் 11 நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நியூயார்க்கில் தெருவுக்கு இறங்கி வந்தவர்களின் மனதில் முதலில் எழுந்தது பயங்கரவாதம் பற்றிய அச்சம்தான். இடி விழுந்தது, மின் நிலையத்தில் தீப்பிடித்தது என்று அதிகாரிகளே அன்று முரண்பட்டுப் பேசினார்கள். ஓஹையோவில் வெட்டாமல் விட்ட மரங்கள் உயரழுத்தக் கம்பிகளில் உரசியதும், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்ததும் இரு நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பிறகே தெளிவாயின. இறுதி அறிக்கை வெளியானது 2004 ஏப்ரலில். மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருந்த அந்த இரவில் யாருக்கும் அது பயன்பட்டிருக்க முடியாது. 2018 ஜனவரி 13 காலை, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது என்று ஹவாய் மக்களின் போன்களுக்கு அரசு எச்சரிக்கை வந்தது. அது தவறு என்ற மறுப்பு அதே போன்களுக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளை மழைநீர் வடிகாலுக்குள் இறக்கிய பெற்றோர் இருந்தார்கள். ஏவுகணை பொய்தான், அந்த 38 நிமிடத்தில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் பொய்யல்ல. ஆலமின் நாவல் அப்படிப்பட்ட 38 நிமிடங்களைச் சில நாட்களாக நீட்டிப் பார்க்கிறது.

கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ நாவலிலும் உலகம் எதனால் எரிந்தது என்று சொல்லப்படுவதில்லை. கடிகாரங்கள் 1:17க்கு நின்றதும் ஓர் ஒளியும் சில அதிர்வுகளும்தான் நமக்குக் கிடைக்கும் தகவல். 2006இல் வெளியாகி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அந்தப் புத்தகத்தின் மீது, காரணம் சொல்லவில்லை என்ற கோபம் இந்த அளவுக்கு எழவில்லை. ஏன்? அங்கே கதை தொடங்கும்போதே அழிவு நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தகப்பனும் மகனும் அடுத்த வேளை உணவைத் தேடுகிறார்கள். காரணத்தை யாரும் தேடுவதில்லை, ஆகவே நாமும் தேடுவதில்லை. ஆலம் நம்மைக் கொண்டுபோய் வைப்பது முதல் சில மணி நேரத்தில். போனை எடுத்துப் பார்க்கும் கை இன்னும் பழக்கத்தை விடவில்லை. வாசகரின் எரிச்சலும் அமண்டாவின் எரிச்சலும் ஒன்றேதான்.

இந்த நாவலில் வாசகர்கள் அதிகம் வெறுத்த பகுதிகளில் ஒன்று கிளே காரை எடுத்துக்கொண்டு செய்தி சேகரிக்கப் போகும் அத்தியாயம். வழிகாட்டும் செயலி இல்லாமல் சில மைல் தூரத்துக்குள்ளேயே வழி தவறிவிடுகிறார். சாலையோரத்தில் ஒரு பெண் அழுதபடி ஸ்பானிய மொழியில் ஏதோ கெஞ்சுகிறாள். அவருக்கு அந்த மொழி புரியவில்லை. உதவி கேட்கிறாள் என்பது புரிகிறது. அவளை அங்கேயே விட்டுவிட்டுக் காரைக் கிளப்புகிறார். திரும்பி வந்ததும் வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கல்லூரிப் பேராசிரியர், தன்னை நல்லவர் என்று நம்புகிறவர். இப்போது ஆசிரியர் நமக்குக் காரணத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரவுவது கொள்ளைநோய் என்றால், கிளே செய்தது எச்சரிக்கை உணர்வு என்று வாதாடலாம். மின்தடை மட்டும்தான் என்றால் அது வெறும் கோழைத்தனம். எதிரி நாட்டுத் தாக்குதல் என்றால் அவர் பதறிய தகப்பன். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அந்தக் காரணமே அவருக்காகத் தீர்ப்பு எழுதிவிடும். சொல்லாததால், என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையில் ஒருவர் இன்னொருவரை விட்டுவிட்டுப் போனார் என்பது மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் செயலை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசகர்களின் கோபத்தில் ஒரு பகுதி இங்கேதான் பிறக்கிறது என்று நான் நம்புகிறேன். காரணம் கிடைத்திருந்தால் கிளேயை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரிந்திருக்கும்.

காரணத்தைச் சொன்ன நாவல்களின் கதியையும் பார்க்க வேண்டும். நெவில் ஷூட் 1957இல் எழுதிய ‘ஆன் த பீச்’ அணுப்போருக்குப் பிந்தைய மெல்போர்ன் நகரத்தின் கதை. வட அரைக்கோளம் அழிந்துவிட்டது. கதிர்வீச்சு தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது. போர் எங்கே தொடங்கியது, யார் யார்மீது தவறாகக் குண்டு போட்டார்கள் என்பதையெல்லாம் பாத்திரங்கள் விளக்கமாகவே பேசுகின்றன. இன்று அந்தப் பக்கங்களைத்தான் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நினைவில் நிற்பது, சியாட்டில் பக்கமிருந்து விட்டுவிட்டு வரும் வானொலிச் சமிக்ஞையைத் தேடி நீர்மூழ்கிக் கப்பல் போவதும், அங்கே உயிரோடு ஒருவரும் இல்லாமல் சாய்ந்த சன்னல் சட்டம் ஒன்று காற்றில் ஆடி வானொலிக் கருவியின் விசையை அழுத்திக்கொண்டிருப்பதும். அடுத்த ஆண்டு இருக்காது என்று தெரிந்தும் மேரி ஹோம்ஸ் தோட்டத்தில் என்ன நடலாம் என்று திட்டமிடுவதும் நிற்கிறது. 1959 டிசம்பரில் அது படமாக வந்தபோது அமெரிக்க அரசு வட்டாரங்கள் கவலைப்பட்டன; ஐசன்ஹோவரின் அமைச்சரவையிலேயே பேச்சு வந்தது. அவர்களை உறுத்தியது மக்கள் மனதில் அது விதைத்த கையறு நிலை. போர் எப்படித் தொடங்கியது என்ற ஷூட்டின் கணக்கு அல்ல.

ஆலமின் நாவலும் 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் படமாக வந்தது. இயக்கியவர் சாம் எஸ்மெயில். தயாரிப்பில் ஒபாமா தம்பதியின் நிறுவனமும் உண்டு. படம் வாசகர்களின் குறையைத் தீர்த்துவைக்க முயன்றது. தொடர்பைத் துண்டிப்பது, குழப்பத்தை விதைப்பது, கடைசியில் மக்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது என்ற மூன்று கட்டத் திட்டத்தை ஜி. எச். படத்தில் விளக்குகிறார். நாவலில் மனைவியாக இருந்த ரூத் படத்தில் மகளாகிறாள். பார்த்தவர்கள் திருப்தி அடைந்தார்களா? இல்லை. ரோஸ் ஒரு நிலவறையில் அமர்ந்து ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்ப்பதோடு படம் முடிய, அந்த முடிவின் மீதும் அதே சண்டை மூண்டது. கூடவே, பின்னணியில் எந்த நாடு என்ற ஊகங்களும் கிளம்பின. காரணம் கிடைத்ததும் பேச்சு குற்றவாளியின் பக்கம் திரும்பிவிட்டது. சாலையோரத்துப் பெண்ணைப் பற்றிய பேச்சு குறைந்தது.

எதிர்த்தரப்பில் மூன்று வாதங்கள் வலுவானவை. ஒரு முடிச்சைப் போட்டவர் அதை அவிழ்க்கக் கடமைப்பட்டவர் என்பது முதலாவது. கொலையாளி யார் என்று கேட்டுத் தொடங்கும் கதைக்கு அது முழுக்கப் பொருந்தும். கதவு தட்டப்படும் இரவிலேயே இந்த நாவல் போடுகிற முடிச்சு வேறு. கதவைத் திறப்பார்களா, திறந்தபின் நம்புவார்களா என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லியே முடிகிறது. இரண்டாவது வாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: பேரழிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மனிதரின் அலட்சியமோ பேராசையோ இருக்கிறது, காரணத்தை மறைக்கும் கதை அதை விதியாக்கிவிடுகிறது. 2003 மின்தடைக்கு மரம் வெட்டாததும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்ததால்தானே பொறுப்பு யாருடையது என்று கேட்க முடிந்தது? இதை மறுக்க மாட்டேன். இந்த நாவலால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அது ஓர் இழப்புதான். ஆனால் விசாரணை அறிக்கை தொடங்குவதற்கு முந்தைய நாட்களை எந்த அறிக்கையும் பதிவு செய்வதில்லை. அங்கே யார் யாருக்குக் கதவைத் திறந்தார்கள் என்பதை எழுத வேறு ஆள் இல்லை.

மூன்றாவது வாதம் சமூகவியலிலிருந்து வருகிறது. பேரிடரில் மக்கள் பீதியில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் உதவிக்கொள்கிறார்கள் என்று என்ரிகோ குவாரன்டெல்லி போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அப்படியானால் கிளேயும், ஜி. எச்சுக்குக் கட்டட வேலை செய்துகொடுத்த பழக்கம் இருந்தும் உதவி கேட்டுப் போனவர்களைத் திருப்பி அனுப்பும் டேனியும் மனித இனத்தின் மீதான அவதூறுதானே? நாவலை முழுதாகப் படித்தால் அப்படித் தோன்றாது. சந்தேகத்தோடு தொடங்கிய இரண்டு குடும்பங்களும் ஒரே மேசையில் சாப்பிடுகின்றன. ஆர்ச்சியின் நோய்க்கு நால்வரும் சேர்ந்து பதறுகிறார்கள். டேனி மறுப்பது, அவருக்கும் ஜி. எச்சுக்கும் இடையே கூலியைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்பதால். யாருக்கு உதவுவோம் என்பது முன்பே போடப்பட்ட உறவைப் பொறுத்தது என்கிறது கதை. அது அந்த ஆய்வுகளுக்கு முரணானதல்ல.

வாசகர்கள் சொன்ன குறைகளில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்கிறேன்: விலங்குகள் அதிகம். மான் கூட்டம் ஒன்றே போதும். பூநாரைகள் வரும்போது அச்சத்தைவிட ஆசிரியரின் கைதான் கண்ணில் படுகிறது. கடைசி அத்தியாயத்தைப் பற்றிய புகாரை ஏற்க முடியவில்லை. பெரியவர்கள் எல்லாரும் செய்திக்காகக் காத்துக்கொண்டிருக்கையில், முன்பு மரங்களுக்கிடையே பார்த்த இன்னொரு வீட்டைத் தேடி ரோஸ் தனியாக நடந்து போகிறாள். அங்கே யாரும் இல்லை. கண்ணாடியை உடைத்து உள்ளே போய், உணவையும் மருந்துப் பொருட்களையும் கூடவே சில டிவிடிகளையும் எடுத்துக்கொள்கிறாள். இதோடு நாவல் முடிவதால் ஏதோ பாதியில் நின்றுவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் காரணம் தெரிய வேண்டும் என்று காத்திராமல், குடும்பத்துக்குத் தேவையானதைச் செய்து முடித்தது அந்தச் சிறுமி ஒருத்திதான்.