பாலூட்டும் தாய்க்குப் பலம் தரும் வீட்டுச் சிற்றுண்டி

குழந்தை பிறந்ததும் வீட்டிலுள்ளோர் அனைவரது கவனமும் குழந்தையின் மீதே திரும்பிவிடுகின்றது. குழந்தையின் நிறை கூடியுள்ளதா என வினவுவோர் பலர். தாய் மதியம் என்ன உண்டாள் என வினவுவோர் சிலரே. அனைவரும் உண்டு முடித்த பின்னர் எஞ்சியதை உண்பவளாகப் பாலூட்டும் தாய் இருப்பது எமது இல்லங்கள் பலவற்றில் இன்றும் காணப்படும் வழமையாகும்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், பின்னர் துணை உணவுகளுடன் 2 வயது வரையிலும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. இக்காலத்தில் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி சக்தி மேலதிகமாகத் தேவைப்படுகின்றது.

தாய் போதியளவு உண்ணாவிடில் பால் வற்றிவிடும் என அஞ்சிப் பால்மாவை நாடுவோர் உளர். ஆயினும் பால் சுரப்பது பெரும்பாலும் குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதிலேயே தங்கியுள்ளது. ஓரளவு போஷாக்குக் குறைந்த தாயாலும் தன் குழந்தைக்குப் போதிய பாலைக் கொடுக்க முடியும். ஆனால் உணவில் கிடைக்காததை அவளது உடலே ஈடுசெய்கின்றது. எலும்பிலுள்ள கல்சியமும் உடலில் சேமிக்கப்பட்ட கொழுப்பும் கரைகின்றன. விற்றமின் ஏ, அயடின் போன்றவை தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். எனவே சிற்றுண்டி முதலில் தேவைப்படுவது தாயின் நலனுக்காகவே.

இதற்கு விலையுயர்ந்த பானங்கள் அவசியமில்லை. எம்மவர் சமையலறையிலுள்ள உழுந்தும் எள்ளும் போதுமானவை. தோல் நீக்காத எள் 100 கிராமில் 900 மில்லிகிராமிற்கும் அதிகமான கல்சியம் உண்டு. உழுந்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு புரதமாகும்.

உழுந்து ஒரு சுண்டை வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து மாவாக அரைத்துக்கொள்ள வேண்டும். எள் ஒரு சுண்டைக் கழுவி உலர்த்தி, வெடிக்கத் தொடங்கும்வரை வறுத்து, நொறுக்கிய பனங்கட்டி ஒரு சுண்டுடன் சேர்த்து எண்ணெய் கசியும்வரை இடிக்க வேண்டும். பின்னர் மாவைக் கலந்து சிறு உருண்டைகளாகப் பிடிக்கலாம். பிடிபடாவிடில் சிறிது நல்லெண்ணெய் சேர்த்தால் போதும். நீர் படாத போத்தலில் இட்டு, பாலூட்டும் இடத்திற்கு அருகிலேயே வைப்பது நன்று. இரவில் கண்விழித்துப் பாலூட்டும் தாய் அடுப்படிக்குச் செல்லாமலே ஒரு கையால் எடுத்து உண்ணலாம். நீரிழிவுள்ள தாய்மார் பனங்கட்டியைத் தவிர்த்து, அவித்த பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை உண்ணலாம். அவற்றில் தேசிக்காய்ப்புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு அகத்துறிஞ்சப்படும். உணவுடன் தேநீர் அருந்துவது அச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். கச்சான் சேர்ப்பதாயின் பூஞ்சணம் பிடித்தவற்றை அகற்றிவிட வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் கீரை, பழம், நீர் ஆகியவற்றைத் தடுப்பது தகாது. மிளகும் உள்ளியும் சேர்ந்த சரக்குக் கறியை உண்பதில் தவறில்லை. அதனுடன் முருங்கையிலையும் பழமும் சேர வேண்டும். தாகத்திற்கேற்ப நீரும் அருந்த வேண்டும்.

சுகாதாரத் துறையினர் இலவசமாக வழங்கும் திரிபோஷாவும் பல வீடுகளில் அனைவராலும் பகிர்ந்து உண்ணப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அதன் விநியோகமும் தடைப்பட்டது. அத்தகைய வேளைகளில் தாய்க்குத் துணைநிற்பது வீட்டில் செய்த உணவே.

உருண்டை செய்வது கடினமன்று. அதனைத் தாயே எழுந்து செய்ய வேண்டியிருப்பதே குறையாகும். குழந்தை பால் குடிக்கும் வேளையில் தாயின் கையில் ஓர் உருண்டையும் ஒரு குவளை நீரும் இருப்பதைக் கணவரும் மாமியாரும் உறுதிசெய்தால், அது குழந்தைக்கும் சேர்த்துச் செய்யும் பணிவிடையாகும்.