சிங்கப்பூரில் இல்லாத சிங்கப்பூர் நூடுல்ஸ்

ஒரு காலத்தில் லண்டன்காரர்களுக்குத் தென்கிழக்காசியச் சாப்பாடு என்றால் சீனக் கடைகளில் பார்சல் கட்டித் தரும் ‘சிங்கப்பூர் நூடுல்ஸ்’தான். கறிப்பொடி போட்டு மஞ்சளாகப் பிரட்டிய அரிசிச் சேமியா. சிங்கப்பூரில் போய்க் கேட்டால், அது எங்கள் ஊர்ச் சமையலே இல்லை என்று கையை விரிப்பார்கள்.

அசல் ருசி வேண்டியவர்கள் இடம் விசாரித்துப் போகவேண்டும். 1973இல் பாடிங்டன் பக்கம் சேல் பிளேஸில் சாத்தே ஹவுஸ் என்ற மலேசிய உணவகம் திறந்தது. மலேசிய மாணவர்களுக்கு பிரயான்ஸ்டன் சதுக்கத்தில் மலேசியா ஹால் இருந்தது. அது பின்னாளில் பேஸ்வாட்டருக்கு இடம் மாறியபோது அதன் கேன்டீனும் கூடவே போயிற்று. ஊர் ஏக்கத்துக்கு ஒரு தட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), அவ்வளவுதான். வெள்ளைக்காரர் வந்துபோகும் கடைகளிலோ காரம் குறையும், இனிப்பு கூடும்.

இன்று யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு அருகே டோரிக் வே தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ரொட்டி கிங் உணவகத்துக்கு வெளியே வரிசை நிற்கும். உள்ளே, எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு விரித்து, சுருட்டிக் கல்லில் போடுகிறார்கள். வெந்ததும் இரண்டு பக்கமும் அடித்து அடுக்குகளைப் பிரிக்கிறார்கள். மதுரைக்காரருக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் மலாயாவில் பரப்பிய பரோட்டா, அங்கே ரொட்டி சானாய் ஆகி, ஈப்போக்காரரான சுகன் கோபாலின் கையால் இங்கே வந்திருக்கிறது. பாட்டர்சியின் பழைய மின்நிலையத்திலும் இப்போது கிளை உண்டு. வாடகை ஏற ஏறத் தட்டின் விலையும் ஏறியிருக்கிறது. பழைய கேன்டீன் கணக்கோடு போனால் ஏமாந்து போவோம்.

ஹாக்னியின் கிங்ஸ்லாண்ட் ரோடு கதை வேறு. 1979இல் பிரிட்டன் வியட்நாம் அகதிகள் பத்தாயிரம் பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. பலர் ஹாக்னியில் குடியேறினார்கள். அவர்கள் தங்களுக்காகக் காய்ச்சிய ஃபோ சூப்பைத் தேடித்தான் பிறகு நகரமே அந்தச் சாலைக்கு வந்தது.

எனக்குத் தெரிந்து காற்று திசை மாறியதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது 2018ஆம் வருடத்து ரெண்டாங் சண்டை. பிபிசியின் மாஸ்டர்செஃப் போட்டியில் மலேசியாவில் பிறந்த ஜலேஹா காதிர் ஓல்பின் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் ஒருவர் குறை சொன்னார், ஜலேஹா வெளியேறினார். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் கிடந்து சுண்டிய இறைச்சி எங்கே மொறுமொறுக்கும்? எதிலும் ஒத்துப்போகாத மலேசியாவும் இந்தோனேசியாவும் அன்று ஒரே குரலில் கொதித்தன. அப்போதைய மலேசியப் பிரதமர் நஜீப் வரைக்கும் பேசினார். முப்பது வருடம் முன்பென்றால் சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த முறை தோலைப் பொரித்திருப்பார்.

வீட்டுச் சமையலில் மாற்றம் இன்னும் பெரிது. அந்தக் காலத்தில் கட்டியாக விற்ற தேங்காய்க் கிரீமைச் சுடுநீரில் கரைக்கவேண்டும். சித்தரத்தை வகையறாவுக்குப் பதில் ‘லாவோஸ் பவுடர்’ என்று ஒரு சீசா. இன்றோ டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் ஈழத்தமிழர் கடைகளே போதும். யாழ்ப்பாணத்துக் கறிக்குப் போடும் ரம்பையைத்தான் மலாய்க்காரர் பாண்டான் என்று சோற்றில் முடிந்து போடுகிறார். பக்கத்திலேயே எலுமிச்சைப் புல்லும் துருவி உறையவைத்த தேங்காய்ப்பூவும். குளிர்பெட்டியில் மலேசியாவில் தயாரான பரோட்டா. நேற்றைய மீன்குழம்பு மிச்சமிருந்தால் அதற்கு மேல் வேறென்ன வேண்டும்!

பிளாச்சான் என்ற இறால் விழுதை வறுக்கும்போது மட்டும் எல்லா ஜன்னலையும் திறந்துவைக்கவேண்டும். அதில் 1973க்கும் இன்றைக்கும் வித்தியாசமில்லை. பக்கத்து வீட்டில் நம்மவர் இருந்தால் கருவாடு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்.