கத்தி வைக்காமல் மார்பகக் கட்டியைச் சுடலாமா?

ஒப்பரேஷன் இல்லாமலே மார்பகக் கட்டியை அழித்துவிடலாம் என்று ஒரு செய்தி கைபேசியில் வரும்போது, கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் பெண்ணுக்கு மனம் கொஞ்சம் ஆறும். செய்தி பொய்யல்ல. ஆனால் அது எந்தக் கட்டிக்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டே ஆறுதல்பட வேண்டும்.

ஒலி எப்படிச் சுடுகிறது?

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் அலைதான் இந்தச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. அங்கே அது மெலிதாகப் பரவும். 'ஒலிச்சூடு' என்று நாம் சொல்லும் இந்தச் சிகிச்சையிலோ பல மடங்கு வலுவான அலைகள் ஒரே இடத்தில் குவிக்கப்படுகின்றன. அரிசிமணி அளவான அந்த இடத்தில் சில விநாடிகளில் சூடு 60 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, கலங்கள் வெந்து மடிகின்றன. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தபடி, டொக்டர் கட்டி முழுவதையும் புள்ளி புள்ளியாகச் சுடுவார். செத்த கலங்களை உடம்பே மாதக்கணக்கில் அகற்றும். வலியும் வீக்கமும் வரலாம். சிலவேளை தோலில் சூட்டுக்காயமும் உண்டாகும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது பைப்ரோஅடினோமா. தொட்டால் வழுக்கி நகரும் இது புற்றுநோயல்ல; பலருக்கு அவ்வப்போது பார்த்துவந்தாலே போதும். ஐரோப்பாவில் ஒலிச்சூடு பயன்பாட்டுக்கு வந்தது இந்தக் கட்டிக்குத்தான்.

புற்றுநோய் என்றால் நிலைமை வேறு. சீனாவில் 48 பெண்களை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், 23 பேருக்கு முதலில் ஒலிச்சூடு கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மார்பகத்தை அகற்றிச் சோதித்தபோது, சுட்ட இடத்தில் புற்றுக் கலங்கள் மடிந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். என்றாலும், கட்டியை வெட்டி எடுத்தால் அதன் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் மிச்சம் இருக்கிறதா என்று சொல்லலாம். சுட்ட கட்டி உள்ளேயே கிடப்பதால் அப்படிப் பார்க்க வழியில்லை. அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா என்பதையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆகவே மார்பகப் புற்றுநோய்க்கு இது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்துகள் ஆகியவையே இன்றைய வழி. "புது மெஷின் வரட்டும்" என்று காத்திருப்பவர், நோய் பரவ இடம் கொடுக்கிறார்.

மாத்தளையில் எங்கே போவது?

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996-இல் தொடங்கிய திட்டம் இது. 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் குறிப்பாக அழைக்கிறார்கள். மார்பகத்தைச் சோதிப்பதோடு கருப்பைக் கழுத்துச் சோதனையும் செய்வார்கள், காசு தேவையில்லை. கிளினிக் நாளை உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். கட்டி தட்டுப்பட்டால் கிளினிக் நாளுக்காகவும் காத்திருக்காமல் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை கண்டி தேசிய வைத்தியசாலையில் கிடைக்கிறது.

மாதவிடாய் முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது, விரல் நுனியால் இல்லாமல் விரல்களின் தட்டையான பகுதியால் மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

எல்கடுவையிலோ இறத்தோட்டையிலோ மலையில் கொழுந்தெடுக்கும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். கூச்சத்தோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் மாதங்களைக் கடத்துகிறது. கிளினிக்குக்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர் போட்டுக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தொழிற்சங்கங்களும் பேச வேண்டும்.