அட்டையில் இரண்டு பெயர்: எழுதியவர் யார், உரிமை யாருக்கு?

ஆங்கிலத் த்ரில்லர் நாவல்களின் அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு பெயரும் அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயரும் இருப்பது ஏன் என்றும், காசு கொடுத்து வாங்குவது இவர்களில் யாருடைய எழுத்தை என்றும் கேட்டு வாசகர்கள் எழுதும் கடிதங்கள் கூடியிருக்கின்றன. சிலர் இதை மோசடி என்கின்றனர். சிலர் மூத்தவர் இளையவரைக் கைதூக்கிவிடும் பெருந்தன்மை என்கின்றனர். ஒப்பந்தங்கள் எழுதப்படும் முறையைப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் ஏமாற்றமே மிஞ்சும்.

பதிப்பகங்கள் ‘கூட்டுப் படைப்பு’ என்று அழைப்பது, பெரும்பாலும், கதையை ஒருவர் வகுக்க, வாக்கியங்களை இன்னொருவர் எழுத, விற்பனையை முதலாமவருடைய பெயர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகும். விளம்பரத் துறையிலிருந்து வந்த அமெரிக்க நாவலாசிரியர் ஜேம்ஸ் பேட்டர்சன், 1996-இல் பீட்டர் டி ஜோங்குடன் சேர்ந்து ஒரு நாவலை வெளியிட்டதிலிருந்து இம்முறையைப் பெருந்தொழிலாகவே வளர்த்தெடுத்தார். மாக்சின் பேட்ரோ, ஆண்ட்ரூ கிராஸ், மைக்கேல் லெட்விட்ஜ் எனப் பலர் அவருடன் எழுதியிருக்கின்றனர். மும்பையைக் களமாகக் கொண்டு 2014-இல் வந்த ‘பிரைவேட் இந்தியா’வை அவருடன் எழுதியவர் இந்திய எழுத்தாளர் அஸ்வின் சங்கி. வாசகர்கள் கேட்கும் வேகத்துக்கு ஒருவரால் தனியாக எழுதி மாளாது என்பதே இத்தகைய கூட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பொய்யில்லை, ஆனால் ஓர் ஆண்டில் ஒரு நாவலுக்குப் பதிலாக எட்டு நாவல்கள் வரவேண்டும் என்று முடிவு செய்தது வாசகரா, விற்பனைப் பிரிவா என்ற கேள்வியை அது தொடுவதில்லை.

கவனிக்க வேண்டிய நுட்பம் பேட்டர்சன் தயாரிக்கும் கதை வரைவில் இருக்கிறது. கதைமாந்தர், திருப்பங்கள், அத்தியாயந்தோறும் நடப்பவை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும் இந்த வரைவு 60, 70 பக்கம் வரை நீளக்கூடியது. இணை ஆசிரியர் அதை வைத்து அத்தியாயங்களை எழுதி அவ்வப்போது அனுப்ப, பேட்டர்சன் படித்துத் திருத்துவார், தேவைப்பட்டால் தாமே திருப்பி எழுதுவார். வரைவு ஏன் இவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதற்குத் தரக் கட்டுப்பாடு என்ற விடை எளிதில் கிடைக்கும். சட்டம் தரும் விடை வேறு. பதிப்புரிமை, அதாவது ஒரு படைப்பைப் பிரதியெடுக்கவும் விற்கவும் தழுவவும் உள்ள தனியுரிமை, எண்ணத்துக்குக் கிடைப்பதில்லை. எண்ணம் எழுத்தில் பெற்ற வடிவத்துக்கே கிடைக்கிறது. நியூயார்க்கின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் தீர்த்த சில்ட்ரெஸ் எதிர் டெய்லர் வழக்கில், ஒரு நாடகத்துக்கான எண்ணத்தையும் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் திரட்டித் தந்த நடிகை கிளாரிஸ் டெய்லர் இணை ஆசிரியர் ஆகமாட்டார் என்றும், நாடகத்தை எழுதிய ஆலிஸ் சில்ட்ரெஸே ஆசிரியர் என்றும், இணை ஆசிரியர்களாக இருக்கும் நோக்கம் இருவருக்குமே இருந்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் கதையை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எழுதும் வேலையை இன்னொருவரிடம் விட்டால், வழக்கென்று வரும்போது அவர் நிற்கும் இடம் டெய்லர் நின்ற இடமாகிவிடும். எழுதியவரே உரிமையாளர் என்று வாதிட வழி பிறக்கும். 60 பக்க வரைவோ தானே பதிப்புரிமை பெற்ற ஒரு படைப்பு என்பதால், அதிலிருந்து எழும் நாவலுக்கு அது மூலப்பத்திரம் போல அமைந்துவிடுகிறது. அதைத் தாண்டி எவரும் பட்டா கேட்க முடியாது.

பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்குவது புதிதல்ல. பிரான்சில் அலெக்சாந்தர் டூமாவின் தொடர்கதைகளுக்கு வரலாற்றுச் செய்திகளையும் கதைப் போக்கையும் வகுத்துத் தந்த ஓகுஸ்த் மாக்கேயின் பெயர் அச்சில் வரவில்லை. டூமா பெயர் மட்டும் இருந்தால் வரிக்கு 3 பிராங்க், மாக்கே பெயரும் சேர்ந்தால் அதில் பாதி என்று பாரிஸ் பத்திரிகை முதலாளி ஒருவர் விலை சொன்னதாக வழங்கும் செய்தி காரணத்தை மறைவின்றிச் சொல்கிறது. 1845-இல் மாக்கே உரிமையை விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினார். பின்னர் மனம் மாறி வழக்குத் தொடுத்தபோது, நீதிமன்றம் அவருக்குப் பணத்தில் பங்கை ஒப்புக்கொண்டதே தவிர, ஆசிரியர் என்ற பெயரைத் தரவில்லை. அவருடைய கல்லறையில் அந்த நாவல்களின் தலைப்புகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாக்கேயோடு ஒப்பிட்டால், அட்டையிலேயே பெயர் பெறும் இன்றைய இணை ஆசிரியரின் நிலை மேல்தான்; ஆனால் பெயர் ஏறுவதும் உரிமை சேர்வதும் வேறு வேறு.

ஆசிரியராக இருப்பது, ஒரு படைப்பை ஆக்கியவர் என்ற உண்மை. உரிமையாளராக இருப்பது, அதன் வருவாயை ஆளும் அதிகாரம். முதலாவது மாறாது, இரண்டாவதை எழுதிக் கொடுத்துவிடலாம். இணை ஆசிரியரை ஆசிரியர் என்று ஏற்றுக்கொண்டே, ஒப்பந்தத்தின் வழியாக அவருடைய உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் முறையில் இன்னொரு ஆதாயமும் உண்டு. தனி ஆசிரியரின் நூலுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையும், இந்தியாவில் 60 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை நீடிக்கிறது. கூட்டுப் படைப்பானால், அதாவது ஒருவரின் பங்கை மற்றவரின் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாத படைப்பானால், இந்தக் கணக்கு இருவரில் கடைசியாக இறப்பவரின் மறைவிலிருந்தே தொடங்குகிறது. 80 வயதில் மறையும் நட்சத்திர எழுத்தாளரைவிட 25 வயது இளையவர் அதே வயதுவரை வாழ்ந்தால், சட்டம் அந்த நூலைக் கூட்டுப் படைப்பாக ஏற்கும்பட்சத்தில், கூடுதலாக 25 ஆண்டு வருவாய் கிடைக்கும். அது போய்ச் சேருவது நட்சத்திரத்தின் வாரிசுகளுக்கு. இளையோரை ஊக்குவிக்கிறோம் என்ற அறிக்கைகளில் இக்கணக்கு இடம்பெறுவதில்லை.

ஆசிரியர் மறைந்த பிறகு நடப்பதுதான் உறுத்தலானது. அமெரிக்க நாவலாசிரியர் டாம் கிளான்சி உயிரோடு இருந்தபோது, 2011 முதல், அவருடன் மார்க் கிரீனி எழுதியதாக நாவல்கள் வந்தன. 2013 அக்டோபரில் கிளான்சி மறைந்தார். அடுத்த ஆண்டு வந்த நூல்களில் ‘டாம் கிளான்சி’ என்பது ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்திலிருந்து நகர்ந்து தலைப்பின் பகுதியாகிவிட்டது. கீழே கிரீனியின் பெயர் ஆசிரியராக நின்றது. கையெழுத்திட ஆள் இல்லாத பெயர் வணிகச் சின்னமாக மாறும் இந்த மாற்றம் வாசகருக்கு உறைக்காமல் நடந்ததற்குக் காரணம், முன்பே மூன்று நாவல்களில் கிரீனியின் பெயருக்கு வாசகரின் கண் பழகியிருந்ததுதான். இணை ஆசிரியம் இங்கே வாரிசு நியமனமாகவே செயல்பட்டிருக்கிறது. லீ சைல்ட் 2020-இல் தம் ஜாக் ரீச்சர் நாவல் வரிசையைத் தம்பியிடம் ஒப்படைத்ததும், கிளைவ் கஸ்லர் தம் மகன் டர்க்கை 2004 முதல் உடன் எழுத வைத்ததும் இதே வழியின் குடும்பப் பதிப்புகள்.

பெயர் சொத்து என்பது உருவகமன்று. அமெரிக்க எழுத்தாளர் வி. சி. ஆண்ட்ரூஸ் 1986-இல் மறைந்தபின், ஆண்ட்ரூ நைடர்மன் என்பவரைக் கொண்டு அதே பெயரில் நாவல்கள் தொடர்ந்து எழுதுவிக்கப்பட்டன. இதைக் கண்ட வரித்துறை, இறந்தவரின் பெயரே பரம்பரைச் சொத்து, அதற்கும் வரி கட்ட வேண்டும் என்று சுமார் 12 லட்சம் டாலர் மதிப்புப் போட்டது. 1994-இல் வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் மதிப்பை 7,03,500 டாலராகக் குறைத்தது; பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. இலக்கிய விமர்சகர்கள் சுற்றி வளைத்துச் சொல்லிவந்ததை வரித்துறை ரசீது போட்டுச் சொல்லிவிட்டது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடை போதும்.

இணை ஆசிரியருக்கு என்ன கிடைக்கும்? பேட்டர்சன் தம் கூட்டாளிகளுக்குச் சொந்தப் பணத்திலிருந்து ஊதியம் தருவதாக 2010-இல் செய்தி வந்தது. அதற்கு மேல் கிடைப்பது பயிற்சியும், பின்னாளில் தனி நூலுக்குப் பதிப்பகத்தின் கதவு திறப்பதும். ஆண்ட்ரூ கிராஸ் 2007-இல் அப்படித் தனித்து எழுதத் தொடங்கினார்.

சின்னப் பெயர்க்காரர் திறமை குறைந்தவரா? இல்லை, தனுஷ் நடித்த ‘தி கிரே மேன்’ படத்தின் மூல நாவலை, கிளான்சியுடன் சேருவதற்கு முன்பே, 2009-இல் எழுதியவர் இந்த மார்க் கிரீனிதான்.

இது, எழுதியவர் பெயர் வெளிவராத மறைமுக எழுத்தா? பெயர் அச்சானால் இல்லை. கிளான்சியின் பெயரில் 1995-இல் தொடங்கிய ‘ஆப்-சென்டர்’ வரிசையில் முதல் நூலை எழுதிய ஜெஃப் ரோவினுக்கு நன்றியுரையில் மட்டுமே இடம் கிடைத்தது என்பதால் அது மறைமுக எழுத்துக்கு மிக அருகில் இருந்தது.

தமிழில் ‘சுபா’ இப்படியா? இல்லை, சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரும் சமமாகப் பகிர்ந்துகொண்ட ஒரே புனைபெயர் அது.

எந்த வரியை யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியுமா? வாசகருக்கு அது எளிதல்ல; இந்தியச் சட்டத்தில், பிரித்துக் காட்ட முடியாமல் இருப்பதே கூட்டுப் படைப்பின் இலக்கணம்.

வாங்குவதற்கு முன் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்டையை விட்டுவிட்டு, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பேட்டர்சனின் அண்மைக்கால நூல்கள் பலவற்றில் அங்கே இருப்பது அவர் பெயரோ இணை ஆசிரியர் பெயரோ அல்ல, ஜேபிபி பிசினஸ் என்ற நிறுவனத்தின் பெயர்.