முதல் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுப்பதும் காற்றுக்கு வழி விடுவதும்

எஸ்.பி.எம். தேர்வோ சாதாரண நிலைத் தேர்வோ முடிந்த கையோடு பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களில் பலர், முதல் சம்பளம் வரும் முன்பே அதற்கு ஒரு செலவை நிச்சயித்து வைத்திருக்கிறார்கள். கேம் விளையாட ஒரு கணினி வேண்டும். கடையில் தயாராக இருப்பதை அல்ல, பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பொருத்த வேண்டும் என்பதுதான் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அது சில மாத உழைப்பின் காசு. மாணவர்களே, அந்தக் காசு எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர்களே, "ஒரு பெட்டிக்கு இவ்வளவு காசா டீச்சர்?" என்று பெற்றோர் வந்து கேட்கும்போது உங்களுக்கும் பயன்படும்.

முதலில், காணொளிகள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று. நீங்கள் பார்க்கும் சோதனைகளில் பல, அறை வெப்பநிலை 20, 22 டிகிரி இருக்கும் இடங்களில் செய்யப்படுபவை. நம் வீட்டு மாடி அறை பகலில் 31, 32 டிகிரி இருக்கும். குளிர்சாதனம் எல்லா வீட்டிலும் கிடையாது. கணினிக்குள் இருக்கும் விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. அறைக் காற்றை உள்ளே இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். எனவே அங்கே 70 டிகிரி காட்டிய அதே பாகம் இங்கே ஏறத்தாழ 80 காட்டும். அந்தப் பத்து டிகிரியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் வாங்க வேண்டும்.

எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று முதலில் முடிவு பண்ணுங்க. வேலரண்ட், டோட்டா 2 மாதிரி விளையாட்டுகளுக்கு மிதமான கணினியே போதும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகள் வேறு மாதிரி. திரை 1080 என்ற அளவில் இருந்தால் முதல் கணினிக்கு அதுவே சரி. 4கே திரையை வாங்கிவிட்டு அதை ஓட்டச் சக்தி இல்லாமல் திண்டாட வேண்டாம்.

கேமிங் கணினியில் காசை அதிகம் விழுங்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டுதான். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ அதற்கு ஒதுக்கலாம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் மின்சாரம் எடுக்கும். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். இவற்றை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல, வாட் கணக்கு. கணினி எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். 300 வாட் கார்டு வாங்கினால், 300 வாட் அடுப்பு ஒன்றை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. நம் ஊரில் முதல் கணினிக்குக் குறைந்த வாட் கார்டே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

செயலிக்கு ரைசன் 5 5600, கோர் ஐ5 12400எஃப் போன்றவை போதும். இரண்டிலும் ஆறு கோர்கள், குறிப்பிட்டுள்ள அடிப்படை மின்அளவு 65 வாட். பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' எழுத்தைக் கவனியுங்கள்: அந்தச் செயலிக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. தாய்ப்பலகையும் செயலியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ரைசன் 5600 ஏஎம்4 பலகையில் உட்காரும், டிடிஆர்4 ரேம் கேட்கும். ரைசன் 7600 என்றால் ஏஎம்5 பலகை, டிடிஆர்5 ரேம் மட்டும்தான். மாற்றி வாங்கினால் பொருந்தாது. ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். இரட்டைத் தடத்தில் ஓடும்போது விளையாட்டில் வித்தியாசம் தெரியும். சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டி. இதற்கு மேல் இந்தப் பகுதியில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பவர் சப்ளைதான் பெரும்பாலானோர் காசை மிச்சம் பிடிக்கும் இடம். பிடிக்கக்கூடாத இடமும் அதுதான். மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து விளையாடும்போது எடுப்பது 200லிருந்து 250 வாட்தான். ஆனாலும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கும் குறைந்த நேரத்தில் திடீரென்று அதிகம் இழுக்கும்; அதனால் 550 அல்லது 650 வாட் அளவில் வாங்குங்கள். '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் பொருளின் தரத்தைச் சொல்வதில்லை. எனவே முத்திரையோடு உத்தரவாத ஆண்டையும் பாருங்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் தயாரிப்பாளர் சும்மா தரமாட்டார். கேசிங்கோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையை அப்படியே கழற்றி வைத்துவிடுங்கள். மற்ற பாகங்களைப் பழையதாக வாங்கலாம், தப்பில்லை. பவர் சப்ளையைப் பழையதாக வாங்காதீர்கள். சாயங்கால இடி மின்னல் நமக்குப் புதிதல்ல, மின்னதிர்வுத் தடுப்புள்ள பிளக்கும் ஒன்று இருக்கட்டும். இடி நெருங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது.

இப்போது காற்றுக்கு வருவோம். கடையில் கேசிங் வரிசையைப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வானவில் நிறத்தில் விளக்குகள். பார்க்க அழகுதான். ஆனால் முன்விசிறிகள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவை எங்கிருந்து காற்றை இழுக்கும்? ஓரத்தில் உள்ள விரல் அகல இடுக்கு வழியாக மட்டும். முன்பக்கம் வலை போட்ட கேசிங் வாங்குங்கள். விளக்கு இல்லாத, வலை உள்ள, விலை குறைந்த கேசிங், விளக்கு மின்னும் கண்ணாடிப் பெட்டியை வெப்பத்தில் சுலபமாக வென்றுவிடும்.

எத்தனை விசிறி வேண்டும்? இதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போடலாம். பள்ளியில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று மலாயில் படித்தீர்களே, தமிழில் தன்வெப்ப ஏற்புத்திறன், அதுதான் இங்கே வேலை செய்கிறது. ஒரு கிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும். கணினி 200 வாட் சூட்டை, அதாவது நொடிக்கு 200 ஜூலை, வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் காற்று அறைக் காற்றைவிட 5 டிகிரி மட்டுமே அதிகச் சூடாக இருக்க வேண்டும் என்றால், நொடிக்கு 40 கிராம் காற்று கேசிங் வழியாகப் போக வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் அது சுமார் 35 லிட்டர். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று திறந்த வெளியில் நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் தள்ளும். வலையும் தூசி வடிகட்டியும் குறுக்கே வந்தால் அது நிறையவே குறையும். ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது சரியான தொடக்கம். ஆறு, ஏழு விசிறி மாட்டுவதால் பெரிய பலன் இல்லை. சத்தம்தான் மிஞ்சும்.

விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று குழப்பமா? விசிறியைக் கையில் எடுங்கள். மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் ஒரு பக்கம் இருக்கும். காற்று வெளியேறுவது அந்தப் பக்கமாக. முன்விசிறியின் கம்பிப் பக்கம் கேசிங்கின் உள்ளே பார்க்க வேண்டும், பின்விசிறியின் கம்பிப் பக்கம் வெளியே. செயலியின் மேல் உட்காரும் உயரமான குளிர்விப்பானும் அதே திசையில், முன்னிருந்து பின்னாக ஊத வேண்டும். முன்னால் நுழைந்த காற்று கிராஃபிக்ஸ் கார்டைத் தொட்டு, செயலியைத் தாண்டி, பின்னால் வெளியேறுகிறது. இடையில் கம்பிக் கூட்டம் தொங்கினால் பாதை அடைபடும். தாய்ப்பலகைக்குப் பின்புறம் தள்ளிக் கட்டிவிடுங்கள்.

மேல்பக்கம் விசிறி வைக்கலாமா என்றால், பின் மூலையில் ஒன்று வைக்கலாம், வெளியே ஊதும்படி. மேலேயே முன்பக்கமாக வைத்தால் முன்னால் இப்போதுதான் நுழைந்த நல்ல காற்றை அது பிடுங்கி வெளியே போட்டுவிடும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியும், தூசி உள்ளே நுழையாது. வெளியேற்றும் விசிறிகள் மிகுந்தால் நேர்மாறு: வடிகட்டி இல்லாத ஒவ்வோர் ஓட்டையும் தூசியை உறிஞ்சும்.

கேசிங்குக்குள் இவ்வளவும் செய்துவிட்டு, மேசையின் மூடிய அறைக்குள் பெட்டியைத் தள்ளி வைக்கிறவர்கள் உண்டு. வெளியே போன சூடான காற்றே சுற்றி மறுபடி உள்ளே வரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கம்பளத்தின் மேல் வேண்டாம். பவர் சப்ளை அடியிலிருந்துதான் மூச்சு விடுகிறது. அறைச் சன்னலைத் திறந்து வைப்பதும் காற்றோட்டத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

பொருத்தும் நாளில் மூன்று விஷயம். குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுப் பொருத்துங்கள். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

ஓடத் தொடங்கியதும், வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விளையாடுங்கள், பகல் உச்சி நேரத்தில். கிராஃபிக்ஸ் கார்டு 80 டிகிரிக்கு அருகிலோ கீழேயோ இருந்தால் கவலை இல்லை. செயலிகள் மாதிரிக்கு ஏற்ப 90லிருந்து 100 டிகிரியை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும். விளையாட்டு திடீரென்று தடுக்கித் தடுக்கி ஓடுவதற்கு இது ஒரு காரணம். கார்டு போதவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து அதே விளையாட்டை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேசிங் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். விசிறிகளைச் சரிபார்த்தால் போதும், புதுக் கார்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். உள்ளே தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கட்டுக்கடங்காமல் சுழன்று பேரிங் கெட்டுவிடும்.